ரசீதில் ஏறாத செலவு

கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகள் பொதுவாக 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 5 லட்ச வரம்பு அதில் கால்பங்குகூட ஆகாது. ஆயினும் ரசீதில் ஏறாத செலவொன்று உண்டு.

உயிரோடிருக்கும் உறவினர் கொடையாளராயின், நோயாளியோடு நலமுள்ள ஒருவரும் கத்திக்குக் கீழே படுக்கிறார். அறுத்த கல்லீரல் மீண்டும் வளரும். இழந்த கூலி வளராது. சுமை தூக்குபவர் இரண்டு மூன்று மாதங்கள் வேலைக்குத் திரும்ப இயலாது. கொடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். இதனைத் தியாகம் எனப் புகழ்வது எளிது.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடை செய்கிறது, அது சரியே. கொடையாளர் இழந்த வருமானத்தை ஈடுசெய்வது விற்பனையாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆனால் அந்த ஈட்டை வழங்கும் கடமையை அரசின்மீது சுமத்தவில்லை.

மூளைச்சாவு அடைந்தோரின் கொடைக்குத் தீவிர சிகிச்சைப் படுக்கையும், மூளைச்சாவை உறுதிசெய்யும் மருத்துவர்களும், ஒருங்கிணைப்பாளர்களும் தேவை. இவையெல்லாம் பொதுச் செலவு. இதை அரசு தட்டிக்கழிப்பதால், நாட்டின் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பான்மை உயிருள்ளோரை நம்பியே நடக்கிறது.

மக்களின் மூடத் தயக்கமே காரணம் என்பார்கள். தமிழ்நாட்டில் 2008இல் அரசே உறுப்புப் பகிர்வு ஏற்பாட்டைத் தொடங்கியபின் கொடை பெருகவில்லையா?

அரசு மருத்துவமனைகளில் இலவச மாற்று சிகிச்சை, கொடையாளருக்குக் கூலி ஈடு: இவ்விரண்டையும் கோருவோம். அரசின் சிக்கனம் உழைப்பாளிக் குடும்பத்தின் உடலிலிருந்து அறுத்தெடுக்கப்படக் கூடாது.