மூங்கில் குருத்துக்கு எந்த உணவுமுறையில் இடம்?

கீட்டோ உணவுமுறையினர் மாவுச்சத்தை ஒதுக்குகின்றனர். வீகன் அன்பர்கள் இறைச்சியோடு பாலையும் விலக்குகின்றனர். குளூட்டன் ஒவ்வாதோர் கோதுமையைத் தொடுவதில்லை. எதிலும் ஒத்துப்போகாத இம்மூவரும் தடையின்றி உண்ணத்தக்க பொருள்களுள் ஒன்று மூங்கில் குருத்து. பச்சைக் குருத்து 100 கிராமில் ஏறத்தாழ 27 கலோரி, 5 கிராம் மாவுச்சத்து, 2 கிராம் நார்ச்சத்து உள்ளன. வேகவைத்தபின் கலோரி இன்னும் குறையும்.

ஆயினும், இறைச்சிக்கு மாற்று என்று இதைப் புகழ்வதை நாம் ஏற்பதற்கில்லை. புரதம் 100 கிராமில் 3 கிராமைக்கூட எட்டுவதில்லை. பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் குருத்தை வைப்பவர் ஏமாறுவார்.

இதைத் தலைமுறைகளாக உண்டுவருவோர் இதனிடம் அத்தகைய எதிர்பார்ப்பு எதுவும் வைக்கவில்லை. நாகாலாந்தில் புளிக்கவைத்த குருத்து பன்றி இறைச்சியோடு சேர்ந்து வேகிறது. மணிப்பூரில் அது சோய்பும்; மீனுக்கும் காய்க்கும் புளிப்பூட்டுவது. குடகில் மழைக்காலக் குருத்தைத் தேங்காய் சேர்த்துக் கறியாக்கி அரிசி ரொட்டியோடு உண்கின்றனர். எங்கும் அது சுவைக்காகச் சேர்வது; எடை குறைப்பதற்காக அன்று.

அந்த அடுக்களைகள் அறிந்திருந்த ஒன்றை இன்றைய உணவுக் குறிப்புகள் மறந்துவிடுமோ என்பதே நம் கவலை. பச்சைக் குருத்தில் டாக்சிபிலின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். மரவள்ளிக் கிழங்கைப் பக்குவம் பார்த்து வேகவைக்கும் நம் இல்லங்களுக்கு இது புதிதன்று. குடகில் நாள்கணக்கில் ஊறவைத்து நீரை மாற்றுவதும், பிற இடங்களில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து நீரை வடிப்பதும் இதன் பொருட்டே. பச்சையாக அரிந்து சாலட்டில் தூவுவது கூடாது. தைராய்டு குறைபாடு உள்ளோர் அடிக்கடி உண்ணுமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

இத்தனை வேலைக்கும் ஒரு விலை உண்டு. தோண்டி, உரித்து, அரிந்து, பக்குவப்படுத்தி முடிப்பதற்குள் குருத்தின் பெரும்பகுதி மட்டையாகக் கழிந்துபோகும். தவிர, வெட்டிய ஒவ்வொரு குருத்தும் வளராமற்போன ஒரு மூங்கில். தேவை பெருகிற்றென்று அனைத்தையும் வெட்டினால் சில ஆண்டுகளில் புதரே நலியும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காடல்லாத நிலத்தில் வளரும் மூங்கில் 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் மரமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே உழவர் தம் நிலத்திலேயே குருத்துக்கென மூங்கில் வளர்க்க வழி பிறந்துள்ளது. இறக்குமதி டப்பாவைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும், அத்தகைய உழவரின் குருத்தையே வாங்கலாம் என்பது நம் கருத்து. வாங்கும்போது உறையைத் திருப்பி, வேகவைத்ததா, உப்பு எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.