படப் புத்தகம் குழந்தைகளுக்கு மட்டும்தானா?

"டிப்ளமோ படிக்கிறவன் பொம்மை போட்ட புத்தகத்தை வச்சுக்கிட்டு என்னடா பண்றே?" என்று விடுதியில் கேட்காத ஆள் இல்லை. நண்பர்களே, அதற்கான பதில்தான் இது.

புத்தகத்தின் பெயர் ஸ்பானிஷில் 'குவாத்ரோஸ் தே ஃபமிலியா', அதாவது குடும்பப் படங்கள். வரைந்து, கதையும் சொன்னவர் கார்மென் லோமாஸ் கார்சா. 1948-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிங்ஸ்வில் என்ற ஊரில், மெக்சிகோ வழி வந்த குடும்பத்தில் பிறந்தவர். புத்தகம் வெளிவந்தது 1990-ல். ஆங்கிலமும் ஸ்பானிஷும் பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்தே வரும். ராஜா ராணி கதை கிடையாது. சொந்த வீடு, சொந்த சனம், அவ்வளவுதான்!

சமையலறையில் 'தமாலே' செய்கிற படத்தைப் பாருங்கள். தாத்தாவும் இரண்டு சிறுமிகளும் காய்ந்த சோளத் தோகையை ஊற வைக்கிறார்கள். அம்மா அதில் மாவைத் தடவ, அத்தையும் மாமாவும் கறியை வைக்க, சுருட்டி மடித்ததைப் பாட்டி வரிசையாக அடுக்குகிறார். நம்ம ஒர்க்‌ஷாப்பில்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை பிரிப்பதில்லை! இன்னொரு படத்தில் சாப்பாட்டுக்காகத் தாத்தா கொண்டுவரும் முயல். பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாமா என்பார்கள். தின்கிற பிள்ளைக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் என்ன தப்பு?

பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை என்றிருந்த காலத்தில் படித்தவர் கார்சா. வீட்டுப் பேச்சையும் வீட்டுச் சாப்பாட்டையும் மறைக்க வைத்த காலம் அது. ஆங்கிலத்தில் மட்டும் போட்டிருந்தால் இந்தப் புத்தகம் பேரனோடு நின்றிருக்கும். இப்போது பாட்டியும் படிக்கலாம். எழுத்தே தெரியாத பாட்டி என்றாலும் படத்தைத் தொட்டு, "மாவை இவ்வளவு கனமாத் தடவக் கூடாது" என்று சொல்லலாமே! அங்கே அவர்தான் வாத்தியார்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் படித்தவர் யாரும் இல்லை. நான் டிராயிங் ஷீட்டை விரித்தால், அழுக்காகிவிடும் என்று அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்றே பார்க்கும். நாம் படிக்கப் படிக்க வீட்டில் உள்ளவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் நமக்குச் சொல்லித் தருகிற மாதிரி ஒரு புத்தகமாவது நம் கையில் இருக்க வேண்டாமா?

எனக்குப் பிடித்தது கேக் விளையாட்டுப் படம். 25 சென்ட் கட்டி, தரையில் எழுதிய ஒரு எண் மேல் நிற்க வேண்டும். பாட்டு போட்டால் எல்லோரும் சுற்றி நடக்க வேண்டும். பாட்டு நின்றதும் யார் எண்ணைக் கூப்பிடுகிறார்களோ அவருக்குக் கேக். வசூலான பணம் மெக்சிகோ வழி வந்த பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப! காசு கட்டி நடந்தவர்களில் எத்தனை பேர் கல்லூரி வாசலை மிதித்திருப்பார்கள்?

நம் சங்க நிதியில் இதில் ஒரு பிரதி வாங்கி நூலகத்தில் வைக்கலாம். கேலி பேசினவர்கள்தான் முதலில் எடுப்பார்கள். அட்டை கிழியாமல் திரும்பி வந்தால் சரி!