பளபளத்தால் ஒரிஜினலா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் புதிதாக கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கினார். கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும், விலை குறைவாகக் கிடைத்த ஒன்றை வாங்கிப் போட்டார். மகளின் கல்லூரி விண்ணப்பம் கோடு கோடாக வந்தது. பிறகு மை ஒழுகி பிரிண்டரும் நின்றுவிட்டது. "பெட்டியில் ஹோலோகிராம் இருந்ததே தம்பி!" என்றார். நியாயமான கேள்விதான்.

ஹோலோகிராம் என்றால் என்ன? சாதாரண போட்டோ, ஒளியின் அளவை மட்டும் பதிவு செய்கிறது. ஹோலோகிராம், ஒளி வந்த திசையையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. ஒரு லேசர் கற்றையை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று பொருளின் மேல் பட்டு ஃபிலிமுக்கு வரும். மற்றொன்று நேராக வரும். இரண்டும் சேரும் இடத்தில் மிக நுண்ணிய கோடுகள் பதிவாகும். அவற்றின் மேல் மீண்டும் ஒளி பட்டால் பொருளே அங்கிருப்பது போலத் தெரியும். 1947-ல் ஹோலோகிராம் தத்துவத்தைக் கண்டறிந்த டென்னிஸ் காபருக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டிக்கருக்கு, அந்தக் கோடுகளை நுண்ணிய மேடு பள்ளங்களாக்கி, மேலே மின்முலாம் முறையில் நிக்கல் படியவைத்து அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை பிளாஸ்டிக் ஃபிலிமில் அழுத்தி, அலுமினியம் பூசுவார்கள். டையும் பிரஸ்ஸும் பழகிய சிப்காட் தொழிலாளர்களுக்கு இது உடனே புரியும். அச்சு செய்வதுதான் கஷ்டம். பிறகு லட்சக்கணக்கில் அடிக்கலாம்.

ஜெராக்ஸ் எடுத்தால் இந்த ஜாலம் வராது. அதனால்தான் கிரெடிட் கார்டு, வாக்காளர் அட்டை, அன்றைய விண்டோஸ் எக்ஸ்பி சி.டி. என எல்லாவற்றிலும் இதைச் சேர்த்தார்கள்.

ஆனால் போலி தயாரிப்பவர் ஒரிஜினலை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு பளபளப்பை ஒட்டினால் போதும். ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதே! என் கருத்தில் இது வாங்குபவரின் தவறு அல்ல. சாய்த்துப் பார்த்தால் என்ன தெரிய வேண்டும் என்பதை நிறுவனங்கள் பெட்டியிலேயே தமிழில் அச்சிட வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை: ஸ்டிக்கரைச் சாய்த்து, படம் மாறுகிறதா என்று பாருங்கள். பழைய ஒரிஜினல் பெட்டியோடு ஒப்பிடுங்கள். கோடு எண் இருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

அண்ணன் இப்போது பழைய பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்.