ஏலகிரி மலைப்பாதையில் எங்களுக்கும் இடம் வேண்டும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் ஏலகிரி மலை ஜன்னலோரமாகக் கூடவே வரும். பல வருஷமாகப் பார்த்த அந்த மலையில் நான் நடந்தது போன வருஷம்தான்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அக்கா மகன் செய்து கொடுத்தான். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போய், அங்கிருந்து நடை. வழிகாட்டியாக வந்தவர் மலையாளிப் பழங்குடி இளைஞர். எந்தப் புதரில் கரடி நடமாட்டம் இருக்கும், எந்தப் பாறை வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். ரோடு வருவதற்கு முன்பு அவருடைய பாட்டன், பூட்டன் எல்லாம் தலைச்சுமையோடு நடந்தே கீழே இறங்கியவர்கள். அந்த மண்ணை அறிந்தவருக்கே அதில் சம்பளம் கிடைப்பது நல்ல காரியம்.

நாள் முழுக்க மெஷினில் குனிந்து, பெடலில் ஒரே காலை வைத்து, சொல்யூஷன் வாடையை மூச்சில் இழுக்கிறவர்கள் நாங்கள். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் நின்றபோது கழுத்து நிமிர்ந்தது, நெஞ்சு நிறையக் காற்று போனது. கீழே ஜோலார்பேட்டைப் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடந்தது. இந்த ஒரு நாள் என் லைனில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் கிடைப்பதில்லை. எங்களுக்கு லீவு ஞாயிறு மட்டும்தான். கைப்பேசியில் பதிவு செய்து, அதிலேயே பணம் கட்டத் தெரிந்தவர்கள் எங்களில் குறைவு. பிள்ளைகளோடு போவதென்றால் கட்டணமும் யோசிக்க வைக்கிறது.

கூட்டத்தைக் கூட்டச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை யாரும் மறக்கக் கூடாது. ஆள் கணக்கும் வழிகாட்டியும் தீக்காலத்தில் பாதையை மூடுவதும் அவசியம். அந்தக் கணக்குக்குள்ளேயே ஞாயிற்றுக்கிழமை இடங்களில் ஒரு பகுதியை மாவட்டத்துத் தொழிலாளர்களுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கலாம். வனத்துறை அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிவு செய்ய வழி விடலாம்.

கம்பெனிகளும் கை கொடுக்கலாம். எங்களை ஏற்றிவரும் பஸ்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு ஒரு பஸ்ஸை மலைக்கு அனுப்பினால் பெரிய செலவாகாது. அதனால் தொழிலாளியின் உடம்புக்கும் மனசுக்கும் வருகிற தெம்பு திங்கட்கிழமை வேலையிலும் தெரியும்.

உலகத்துக் கால்களுக்கெல்லாம் செருப்பும் ஷூவும் தைத்து அனுப்புகிற ஊர் எங்களுடையது. எங்கள் கால்களும் எங்கள் மலையில் நடக்க, வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் இந்த ஏற்பாட்டை அடுத்த பருவத்துக்கு முன் செய்து தர வேண்டும்.