ரத்தம் எடுப்பது சில்லறை வேலை அல்ல

மலாயாவில் டிங்கிக் காய்ச்சல் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவானது பினாங்கில்தான், 1902ஆம் ஆண்டில். உயிரைப் பறிக்கும் ரத்தக்கசிவு டிங்கி இந்நாட்டில் முதலில் தலைகாட்டியதும் இதே மாநிலத்தில்தான், 1962இல். 2019இல் நாடு முழுவதும் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் மாண்டனர். இத்தனை காலம் ஆகியும் கிருமியை நேரடியாகக் கொல்லும் மருந்து கைக்கு வரவில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு நீர் ஏற்றுவது, எப்போது குறைப்பது என்று தீர்மானிப்பதுதான் சிகிச்சையின் உயிர்நாடி. அதற்கு வழிகாட்டுபவை நோயாளியின் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவற்றோடு, ஒரே நாளில் பல முறை எடுக்கப்படும் ரத்தத்தின் எண்கள். அந்த எண்கள் சரியா தவறா என்பதில் பெரும்பங்கு ஆய்வுக்கூட இயந்திரத்தில் முடிவாவதில்லை. படுக்கையருகே ஊசி ஏறும் நிமிடத்தில் முடிவாகிறது. வார்டில் ஆக இளையவரின் தலையில் கட்டப்படும் எடுபிடி வேலையாக ரத்தம் எடுப்பதை இனியும் நாம் வைத்திருக்கக்கூடாது.

டிங்கியில் மருத்துவர் கண்கொத்திப் பாம்பாய்க் கவனிப்பது ஹிமட்டோகிரிட் என்ற அளவை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பதை அது காட்டும். 40 இருந்தது 48 ஆனால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால், ரத்த நீர் குழாய்களிலிருந்து கசிகிறது என்று பொருள். இப்போது ரத்தம் எடுப்பவரின் கையைப் பாருங்கள். மேற்கையில் கட்டிய ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்திற்குமேல் விட்டால் அங்கே தேங்கும் ரத்தம் கெட்டியாகி, இல்லாத ஏற்றத்தைக் காட்டத் தொடங்கும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே, ஊசி குத்திய இடத்துக்கு மேலே எடுத்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் சரியும். நோயாளி தேறிவிட்டார் என்றோ, உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்றோ மருத்துவர் நினைக்க நேரும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் நிரம்பியதும் அதை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் நுண்ணிய கட்டிகள் உண்டாகும்; தட்டணுக்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். நிரம்பாத வேறொரு குழாயில் இந்த ஊதாக் குழாயின் ரத்தத்தையே கொஞ்சம் ஊற்றிச் சமாளித்தாலோ, அதிலுள்ள ரசாயனம் பொட்டாசியத்தை உயர்த்தியும் கால்சியத்தைத் தாழ்த்தியும் காட்டிவிடும். இவற்றில் எதையும் தடுக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முறை தெரிந்த, அவசரப்படாத கை இருந்தால் போதும்.

தவறாக எடுத்த ரத்தத்தை ஆய்வுக்கூடமே கண்டுபிடித்துவிடும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். கட்டி தட்டிய ரத்தத்தை அது திருப்பி அனுப்பும். நேற்றைய எண்ணோடு இன்றைய எண் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம் எழுப்பும். ஆனால், இத்தாலியின் படோவா நகர மருத்துவமனை ஒன்றின் அவசர ஆய்வுக்கூடத்தில் 40,490 பரிசோதனைகளை அலசி 1997இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் காட்டியது. அங்கே கண்ட 189 பிழைகளில் ஏறத்தாழ 68 விழுக்காடு, மாதிரி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நேர்ந்தவை. இயந்திரம் எவ்வளவு துல்லியமானதோ, அவ்வளவு துல்லியமாகத் தப்பான ரத்தத்தை அளந்து கொடுக்கும். அதிலும் ஒருவரின் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்ச் சேர்ந்தால், முந்தைய பதிவு இல்லாத புதிய நோயாளியின் விஷயத்தில், அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்துக்கு வழியே கிடையாது. ரத்த வங்கிக்கு வரும் மாதிரிகளைப் பல நாடுகளில் ஆராய்ந்தபோது சுமார் 2,000இல் ஒன்று இப்படி ஆள் மாறி வந்திருந்தது. தவறான பிரிவு ரத்தம் ஏற்றினால் உயிர் போகலாம் என்பதை நினைத்தால் இது சிறிய எண் அல்ல.

நம்மவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயரும் தகப்பன் பெயரும்தான். பிறை, பட்டர்வொர்த் வட்டாரத்தில் ஒரே வார்டில் இரண்டு லெட்சுமிகளோ மூன்று சுப்பிரமணியங்களோ படுத்திருப்பது அதிசயமில்லை. "லெட்சுமிதானே?" என்று மலாயில் கேட்டால், காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பாட்டி எதற்கும் தலையாட்டுவார். அதனால்தான் பெயரைச் சொல்லிக் கேட்காமல், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, நோயாளி வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்கிறது முறை. அதோடு அடையாள அட்டை எண்ணையோ பிறந்த தேதியையோ கைப்பட்டையில் பார்த்து ஒப்பிட வேண்டும். குழாயில் பெயர்ச் சீட்டை முன்கூட்டியே ஒட்டி வைக்காமல், ரத்தம் எடுத்த கையோடு படுக்கையருகிலேயே ஒட்ட வேண்டும். பேச முடியாதவருக்குக் குடும்பத்தார் பதில் சொல்லலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் ரத்தம் எடுக்கும் பாரம் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்கள்மீது விழுகிறது. 2016 முதல் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டு வரும் இந்த இளைஞர்களின் மனக்குமுறல் 2021 ஜூலை 26 அன்று வெளிநடப்பாக வெடித்ததை நாடே பார்த்தது. களைத்துப்போனவரைப் பார்த்துக் கவனமாக இரு என்று உபதேசிப்பது தீர்வாகாது. அவசரத்தில் மறுபடி மூடப்போன ஊசி விரலில் குத்தினால் பாதிக்கப்படுவதும் அவரே: நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருந்தால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை போகும், எச்ஐவிக்கு அது சுமார் 0.3 விழுக்காடு. ஆனால் நேரமில்லை என்ற வாதம், இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பதற்கே வலுச் சேர்க்கிறது. கெட்டுப்போன ஒவ்வொரு மாதிரிக்கும் இன்னொரு குத்து, இன்னொரு குழாய், இன்னும் ஒரு மணி நேரம் செலவாகிறது. டிங்கி நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. ஆளை நியமிக்கப் பணமில்லை என்போர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.

காலை நேரத்தில் குவியும் வழக்கமான பரிசோதனைகளுக்காவது ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் தனிக் குழு ஒன்றை அமைக்கலாம். இரவு நேரத்துக்கும் அவசரத்துக்கும் பயிற்சி மருத்துவர்களே தேவைப்படுவார்கள். அவர்களை வார்டில் தனியே விடும் முன், அனுபவமிக்க ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எத்தனை மாதிரிகள் எந்தக் காரணத்தால் திரும்பி வந்தன என்பதை ஆய்வுக்கூடம் மாதந்தோறும் வார்டு வாரியாக எழுதி, அந்தந்த வார்டின் தாதியரும் மருத்துவர்களும் பார்க்கும் இடத்தில் ஒட்டட்டும்.