போட்டி இருக்கட்டும்; பொறாமை வேண்டாம்!

ஜெமினி வாசன் எடுத்த "வஞ்சிக்கோட்டை வாலிபன்" 1958-ல் வந்தது. அதில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுகிறார்கள். வீரப்பா "சபாஷ்" போடுகிறார்!

ஆடியவர்களை எல்லோருக்கும் தெரியும். பாடியவர்கள் யார்? பி. லீலா, ஜிக்கி. இருவரும் பெயர் பெற்ற பாடகிகள். பாட்டு கொத்தமங்கலம் சுப்பு எழுதியது. இசை சி. ராமச்சந்திரா.

இரு குரல்களில் ஒன்றும் தணிந்து போகவில்லை. ஒன்று மற்றொன்றை அமுக்கவும் இல்லை. ஒருவர் பாடும்போது மற்றவர் தம் முறைக்குக் காத்திருக்கிறார். யார் ஜெயித்தார் என்று கேட்டால் இன்றும் ஆளுக்கு ஒரு பதில்!

கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா வரும். இரண்டு பெண் பிள்ளைகள் சேர்ந்து ஆடுவார்கள். கைகோத்து மேடையை விட்டு இறங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன கேள்வி? "அவளைப் போல உனக்கு ஆட வருகிறதா?" அந்த ஒரு சொல் போதும். மறுநாள் தோழிகள் முகம் பார்ப்பதில்லை.

பெற்றோர்களே! பொறாமையைப் பிள்ளைகள் கொண்டு வருவதில்லை. நாம்தான் ஊட்டுகிறோம். லீலா இல்லாமல் ஜிக்கிக்கு அந்தப் பாட்டு ஏது? ஜிக்கி இல்லாமல் லீலாவுக்கு ஏது?

தோழியரை எழுப்பி, கூடவே அழைத்துப் போகப் பாடிய ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இனி மகள் ஆடிவிட்டு வந்தால், "நன்றாக ஆடினாய்" என்று சொல்லுங்கள். "உன் தோழியும் நன்றாக ஆடினாள்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளும் வளருவார்கள்.