கிழங்கை நடுவதா, விதையை விதைப்பதா?

1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல, பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்தே கமஞ்செய்து வந்துள்ளன. அவர்களுள் உருளைக்கிழங்கு செய்ய விரும்புவோருக்கு, நிலத்துக்கு அடுத்த பெருந்தடை விதைக்கிழங்கு. ஒரு பரப்புக்கு ஏறக்குறைய ஓர் அந்தர் வேண்டும். இறக்குமதியாகும் அக்கிழங்கைக் கடன்பட்டே வாங்குகிறோம். நோய் வந்தால் கிழங்கு அழுகிவிடும், கடன் அழுகாது.

வேறு வழி உண்டா? உருளைக்கிழங்குச் செடியும் பூத்து, தக்காளிப் பிஞ்சு போலக் காய்க்கும். அக்காய் நஞ்சு, பிள்ளைகள் உண்ண விடலாகாது. ஆனால் அதனுள் இருக்கும் விதையை நாற்றாக்கி நடலாம். பெரு நாட்டின் லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் 1970 களின் பிற்பகுதியிலிருந்து இம்முறையை ஆராய்ந்தது. இந்தியாவின் திரிபுராவில் சிறு விவசாயிகள் இதைக் கையாண்டனர். ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிராம் விதை போதும். மடியில் முடிந்துகொண்டு போகலாம். பெரும்பாலான வைரசு நோய்கள் இவ்விதை வழியே பரவுவதுமில்லை.

ஆயினும் முழுத் தோட்டத்தையும் இதை நம்பி விடக்கூடாது என்பதே எனது கருத்து. நாற்று மிக மென்மையானது. விளைவதற்குச் சில வாரங்கள் கூடுதலாகச் செல்லும். யாழ்ப்பாணத்தின் குளிர்ந்த காலமோ குறுகியது. கிழங்குகள் ஒரே அளவாக வராததால் சந்தையில் விலையும் குறையலாம். எமது வெப்பத்தில், குறுகிய பகற்காலத்தில், செடி பூப்பது அரிது. எனவே விதையை வெளியிலிருந்தே பெற வேண்டும்.

ஆகவே, முதலில் சங்கமாகச் சேர்ந்து ஒரேயொரு நாற்றுமேடை போட்டுப் பாருங்கள். மணலும் நன்கு உக்கிய எருவும் கலந்து, விதையை மெல்லத் தூவி, கிடுகால் நிழல் கொடுத்து, பூவாளியால் நீர் தெளியுங்கள். நாற்றைப் பிடுங்காமல் மேடையிலேயே வளரவிட்டால் சிறு கிழங்குகள் கிடைக்கும். அவையே அடுத்த போகத்துக்கான விதைக்கிழங்கு.

இங்கேதான் சிக்கல். பங்குனியில் கிண்டிய கிழங்கைக் கார்த்திகை வரை காக்கக் குளிர்க்களஞ்சியம் வேண்டும். தனிக் குடும்பம் அதைக் கட்ட முடியாது. நல்ல விதையைத் தருவிப்பதும் களஞ்சியம் அமைப்பதும் விவசாயத் திணைக்களமும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு. அதை நாம் கூட்டாகக் கேட்க வேண்டும். புதிய முறையைப் பரீட்சிக்கும் நட்டத்தை, ஏற்கெனவே காணி இழந்தவரின் தலையில் சுமத்துவது நியாயமன்று.